வெட்டி எடுத்த பாதி

14

மண்டபத்து வாசலில் கட்டியிருந்த பதாகையில் தேவனின் முகம் ஒரு கதவு அகலத்துக்கு இருந்தது. காடிக் கதவைத் திறந்து இறங்கிய சரளா, கணவரின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் கொடுத்த படம் அது இல்லை. மகள் தினேஸ்வரி பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த அன்று, பள்ளிக்கூட வாசலில் சட்டைப்பையில் பேனா செருகிக்கொண்டு அவர் சிரித்தபடி நின்ற படத்தைத்தான் கொடுத்திருந்தாள். இது ஆஸ்பத்திரியில் எடுத்தது. மூக்கில் குழாய், பாதி மூடிய கண்கள். யார் எடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்து உயிரை விட்டவர்.'

“அப்பா பார்த்தாருன்னா கிழிச்சிப் போட்டுருவாரு” என்றாள் தினேஸ்வரி. பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கில் முதல் வருடம். அப்பா போன பிறகு அவள் பேசுவதே குறைந்துவிட்டது.

“உள்ள போலாம்மா. ஆளுங்க பார்க்கிறாங்க” என்றார் கனகராஜ்.

கனகராஜ் சரளாவின் அண்ணன். தாப்பா ஊரில் இருப்பவர். இருபத்தேழு வருடம் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டி ஓய்ந்தவர், இப்போது நுகர்வோருக்காகப் பேசும் பயனீட்டாளர் சங்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார். மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் ஏறிக்கொண்டே போவதைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. இன்றைய கலந்துரையாடலை இணையத்தில் நேரலையாகக் காட்டப்போகிறார்கள். சரளாவுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

தேவன் போய் முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

அவர்கள் வசித்த லகாட் ஊரில் பள்ளி வேன் ஓட்டியவர் தேவன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வீடு திரும்பியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினோரு வருடமாகக் கட்டிவந்த காப்புறுதி அட்டை பர்ஸில் இருந்தது. அதை நம்பி ஈப்போவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காப்புறுதிக் கம்பெனியிடமிருந்து உத்தரவாதக் கடிதம் வந்தால்தான் இதயக் குழாய் அடைப்பை எடுக்க முடியும் என்று அங்கே சொன்னார்கள். நாலு மணி நேரம் கழித்து வந்தது, முடியாது என்ற பதில். அதற்குப் பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாலை நாலேகாலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

இது ஊருக்குத் தெரிந்த கதை.

அன்று வரிசையில் நின்ற யாரோ தன் கைப்பேசியில் பதினோரு விநாடி படம் பிடித்திருந்தார்கள். அதில் கவுண்டரில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஒருத்தி, சரளாவின் முகத்தைப் பார்த்து, “லெட்டர் வராம நாங்க ஒண்ணும் செய்ய முடியாதுக்கா” என்கிறாள். அவள் பெயர் புனிதா. இருபத்தாறு வயது. அந்தப் பதினோரு விநாடியை நாடு முழுக்கப் பார்த்தார்கள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அவள் முகத்தை வட்டம் போட்டுக் காட்டினார்கள். வீடு எங்கே என்று கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரி அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது.

போன வியாழக்கிழமை புனிதாவின் தாயார் பாப்பா, லகாட் வீட்டுக்கே வந்துவிட்டாள். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக் காய்ந்துபோன கைகள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“தங்கச்சி, எம்மக ஒங்கள வெரட்டி அடிச்சாளா? நீங்க சொல்லுங்க, நான் நம்புறேன்.”

சரளா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பாப்பா சிறிது நேரம் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

அந்த மௌனத்தோடுதான் சரளா இன்று மண்டபத்துக்குள் நுழைந்தாள்.

* * *

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் ராம் காத்திருந்தான். தமிழ்ச் செய்தி இணையத்தளம் ஒன்றின் நிருபர். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டான். சரளாவை முதன்முதலில் பேட்டி எடுத்தது அவன்தான். கருமாதி அன்று வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவனும் அவன்தான். கெட்டவன் என்று அவளால் சொல்ல முடியாது.

“சாப்பிட்டீங்களாக்கா?” என்று கேட்டுவிட்டு ஒரு தாளை நீட்டினான். “ஏற்பாட்டாளருங்க எழுதிக் குடுத்தாங்க. இதப் பார்த்தே படிக்கலாம். பயமில்ல.”

சரளா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். அவருடைய வேன், பிள்ளைகள், பதினோரு வருடம், இரண்டு தடவை ஏறிய கட்டணம், அதைக் கட்ட அவர் ஞாயிற்றுக்கிழமையும் சவாரி போனது. எல்லாம் உண்மைதான். கடைசிப் பத்தியில் அந்த வரி இருந்தது.

'கவுண்டரில் இருந்த அந்தப் பெண் என் கணவரின் முகத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.'

அவள் தாளை மடியில் வைத்தாள்.

“ராமு, அன்னைக்கு ஒங்கிட்ட எவ்வளவு நேரம் பேசினேன்?”

“முக்கால் மணி நேரம் இருக்கும்.”

“நீ போட்டது?”

“மூணு நிமிஷம்.” அவன் குரல் இறங்கியது. “அக்கா, அத இப்ப ஏன்...”

“அந்தப் பொண்ணு என்கிட்ட என்ன சொன்னுச்சின்னு நான் சொன்னேன். நான் அதுக்கு என்ன சொன்னேன்னும் சொன்னேன். அது எங்க போச்சு?”

ராம் எழுந்து கதவைச் சாத்தினான். “ஒங்களுக்காகத்தான்க்கா வெட்டினேன். ஒங்களக் காப்பாத்தணும்னுதான். அதப் போட்டிருந்தா, ஜனங்க கம்பெனிய விட்டுட்டு ஒங்களப் புடிச்சிருப்பாங்க. புருஷன் செத்த மூணாம் நாளு. அந்தப் பேச்செல்லாம் நீங்க தாங்கியிருப்பீங்களா?”

“அப்ப அந்தப் பொண்ணு தாங்குமா?”

“அது... அந்த வீடியோ நான் எடுக்கல. நான் போடவும் இல்ல.”

“நீ போட்ட மூணு நிமிஷத்த நம்பித்தான் ஊரு அந்த வீடியோவ நம்புச்சு.”

 கதவைத் தட்டிக்கொண்டு கனகராஜ் தலையை நீட்டினார். முகம் மலர்ந்திருந்தது. “சரளா, மண்டபம் நெறைஞ்சிருச்சி. கமுந்திங்லேருந்துகூட ஆளுங்க பஸ் புடிச்சி வந்திருக்காங்க. நம்மள மாதிரி லெட்டர் கெடைக்காத குடும்பம் மட்டும் நாப்பது. எல்லாரும் ஒம்பேச்சக் கேக்கத்தான் வந்திருக்காங்க.”

அண்ணனிடம் இப்போதே சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னால் மேடை ஏற விடமாட்டார் என்றும் தோன்றியது. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

* * *

மேடையில் காப்புறுதி நிறுவனங்களின் சார்பில் வந்திருந்தவர் தேனப்பன். தலை நரைத்த வழக்கறிஞர். நிறுத்தி நிதானமாகப் பேசினார். சிகிச்சைச் செலவு ஏறுகிறது, அதனால் கட்டணம் ஏறுகிறது, யாரும் வேண்டுமென்று ஏற்றவில்லை என்றார். சரளா மேடை ஏறியபோது அவர்தான் முதலில் எழுந்து கைகூப்பினார்.

பின்னால் இருந்த திரையில் அதே ஆஸ்பத்திரிப் படம் வந்தது.  முன்வரிசையில் கனகராஜ், அவருக்குப் பக்கத்தில் தினேஸ்வரி.

சரளா தாளைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள். வேன், பிள்ளைகள், பதினோரு வருடம். முன்வரிசையில் ஒரு கிழவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கட்டணம் ஏறியதைச் சொன்னபோது பின்வரிசைகளில் தலைகள் ஆடின.

கடைசிப் பத்தி வந்தது.

நிறுத்தினாள். மைக்கில் அவள் மூச்சு கேட்டது.

“இதுக்கு மேல எழுதியிருக்கிறது உண்மையில்ல” என்றாள். “நான் வாயால சொல்லிடுறேன்.”

கனகராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நாங்க போனது ஒம்பது மணிக்கு. டாக்டரு ஊசி போட்டாரு, எல்லாம் பார்த்தாரு. ஒம்பதரைக்கு அந்தக் கவுண்டர்ப் பொண்ணு புனிதா எந்திரிச்சி வெளிய வந்து எங்கிட்ட நின்னுச்சி. ‘அக்கா, லெட்டர் லேட்டாவும் போலிருக்கு. அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, அங்க ஒடனே செய்வாங்க. நான் அம்புலன்ஸ் சொல்லிட்டேன்’னு சொன்னுச்சி. அம்புலன்ஸ் வாசல்லதான் நின்னுச்சி.”

மண்டபத்தில் ஓர் அசைவு ஓடியது. அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி பேச முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

“நான்தான் வேணான்னேன். லெட்டர் வரும்னேன். பத்து மணிக்கு அந்தப் பொண்ணு மறுபடி வந்து கேட்டுச்சி. அப்பவும் வேணான்னேன். எங்க மாமியாரு பெரிய ஆஸ்பத்திரியில நடைபாதையில ரெண்டு நாள் படுத்துக் கெடந்தாங்க. எங்கப்பாவுக்குத் தோட்டத்து டிரெஸ்ஸரு குடுத்த மாத்திரையத் தவிர வேற வைத்தியமே தெரியாது. இவராவது ஒரு தடவ, திரை போட்ட கட்டில்ல, ராஜா மாதிரி படுத்து வைத்தியம் பார்த்துக்கட்டும்னு நெனைச்சேன். பதினோரு வருஷம் கட்டியிருக்கோம், எதுக்கு இன்னொருத்தங்க வாசல்ல போய் நிக்கணும்னு நெனைச்சேன். வீடியோவுல அந்தப் பொண்ணு சொன்னது, பன்னெண்டு மணிக்கு. நான் மேசையத் தட்டிக் கத்தினதுக்கு அப்புறம் சொன்னது. அதுக்கு முன்னாடி அது ரெண்டு தடவ கெஞ்சினத யாரும் படம் புடிக்கல.”

அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள். தண்ணீர் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

“அந்தப் பொண்ணோட அம்மா என் வீட்டுக்கு வந்து கேட்டாங்க. நான் வாயத் தொறக்கல. அதான் இங்க வந்து சொல்றேன். அது மேல ஒரு தப்பும் இல்ல.”

கைதட்டல் இல்லை. தலை குனிந்திருந்த அவளுக்கு, யாரோ எழுந்து வெளியே போவதும், கதவு மூடுவதும் கேட்டது.

தேனப்பன் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அம்மாவின் நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்” என்றார். அவர் குரலில் கேலி இல்லை. “இத்தனை நாள் ஒரு கோணத்தில் மட்டும் சொல்லப்பட்ட சம்பவம் இது. அங்கே வேறு வழி திறந்தே இருந்திருக்கிறது. அந்த வழியில் போகவில்லை. அந்த முடிவுக்கு நிறுவனத்தைக் குற்றம் சொல்வது எந்த அளவுக்கு நியாயம் என்று...”

“ஐயா.”

சரளா இன்னும் கீழே இறங்கியிருக்கவில்லை.

“ஐயா, நான் சொன்னதுல பாதிய மட்டும் எடுத்துக்கிட்டுப் போவாதீங்க. காத்திருந்தது என் தப்பு. நான் சாகுற வரைக்கும் அது எனக்கு. ஆனா எதுக்குக் காத்திருந்தேன்? நீங்க தாறேன்னு எழுதிக் குடுத்ததுக்குத்தானே? தரமாட்டோம்னு ஒம்பதரைக்கே சொல்லியிருந்தா நான் அந்த அம்புலன்ஸ்ல ஏறியிருப்பேன்லா. அவரு எப்பவோ மருந்து வாங்கின, பத்து வருஷத்துக்கு முன்னாடி மூடிப்போன கிளினிக்லேருந்து சீட்டு கொண்டா, சீட்டு கொண்டான்னு மதியம் வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. ஒண்ணேகால் மணிக்கு இல்லேன்னீங்க. என் தப்ப நான் சொல்லிட்டேன். ஒங்கத நீங்க சொல்லுங்க.”

இப்போது கைதட்டல் எழுந்தது. அவள் அதற்காக நிற்கவில்லை. தேனப்பன் தன் முன்னால் இருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அந்தத் தாமதம் விசாரணையில் இருக்கிறது” என்று மெதுவாகச் சொன்னார். 

படியிறங்கும்போது சரளா முன்வரிசையைப் பார்த்தாள். கனகராஜ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

எழுந்து வெளியே போனது தினேஸ்வரிதான்.

* * *

மகள் வாடகைக் காடி பிடித்து வீட்டுக்குப் போய்விட்டதாக வாசலில் நின்ற ஒரு பெண் சொன்னாள். சரளா போன் செய்தாள். எடுக்கவில்லை.

கனகராஜ் காடியை ஓட்டினார். மெங்லெம்பு தாண்டி லகாட் போகும் சாலையில் திரும்பியதும் ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா.”

“சொன்னா விட்டிருப்பீங்களா?”

“விட்டிருக்க மாட்டேன்.” அவர் கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தபடி பேசினார். “கம்பெனி மேல நாம போட்ட முறையீட்டு மனு இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு. இத வெச்சே ஃபைல மூடிடுவானுங்க. நாப்பது குடும்பம் நம்ம பின்னால நிக்குது சரளா. ஒன் கதைய நம்பித்தான் அவங்க கதையும் ஓடுது. ஒன்ன உடைச்சா எல்லாத்தையும் உடைச்சிருவாங்க.”

“அதுக்குன்னு அந்தப் பொண்ணு சாகட்டுமா?”

“நான் அப்படிச் சொன்னேனா?” அவர் ஸ்டியரிங்கை உள்ளங்கையால் அடித்தார். பிறகு அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தேவன் எனக்கு மச்சான் மட்டும் இல்ல. நான் கொண்டாந்து காட்டின மாப்பிள்ள. அவன் சாவு சும்மா போவக்கூடாதுன்னுதான் இவ்வளவும் செஞ்சேன்.”

“தெரியும்ண்ணே.”

அவர் காடியை எடுத்தார்.

சரளாவின் கைப்பேசி மடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதற்குள் இணையத்தில் இரண்டு வீடியோத் துண்டுகள் வெளியாகியிருந்தன. ஒன்றில் அவள், “நான்தான் வேணான்னேன், லெட்டர் வரும்னேன்” என்கிறாள். 'கணவரின் சிகிச்சையைத் தடுத்தது நானே: விதவை ஒப்புதல்' என்று தலைப்பு. இன்னொன்றில் அவள், “என் தப்ப நான் சொல்லிட்டேன், ஒங்கத நீங்க சொல்லுங்க” என்று விரல் நீட்டுகிறாள். 'காப்புறுதி நிறுவனத்தை அலறவிட்ட வீரத் தமிழச்சி' என்று தலைப்பு. முதல் துண்டுக்குக் கீழே அவளைக் கொலைகாரி என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவதுக்குக் கீழே பூக்கள், கூப்பிய கைகள்.

இரண்டிலும் புனிதாவின் பெயர் இல்லை.

ராமிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. 'முழுசா போடணும்னு ஆசிரியரோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன் அக்கா. மேடையில நடந்த பதினெட்டு நிமிஷத்தையும் யாரு பார்ப்பாங்கன்னு கேக்குறாரு.'

லகாட் பழைய கடைவரிசையைத் தாண்டும்போது மறுபடி மணி அடித்தது. தெரியாத எண். எடுக்கலாமா என்று யோசித்து எடுத்தாள்.

“தங்கச்சி, பாப்பா பேசுறேன்.”

சரளா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“பார்த்தோம். முழுசாப் பார்த்தோம். நேரலையில வந்தது பூராவும் பார்த்தோம்.” பாப்பா மூக்கை உறிஞ்சினாள். “எம்மக ரூமை விட்டு வெளிய வந்தா தங்கச்சி. ஒரு மாசமாச்சி. வந்து, ‘சோறு இருக்கா’ன்னு கேட்டா.”

“அக்கா, நான் அன்னைக்கே...”

“அத விடுங்க. ஒரு ஒதவி. திங்கக்கிழம ஆஸ்பத்திரியில விசாரண வெச்சிருக்காங்க. வீடியோவுல பேசினதெல்லாம் சாட்சி ஆவாதாம். நீங்க நேர்ல வந்து கையெழுத்துப் போட்டுச் சொல்லணும். வருவீங்களா?”

கனகராஜ் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கையெழுத்துப் போட்டால் அது தாளில் ஏறும். தாளில் ஏறினால் தேனப்பனின் மேசைக்கும் போகும். அண்ணன் சொல்லாமலே சரளாவுக்கு அது விளங்கியது.

“வாரேன்க்கா” என்றாள்.

* * *

வீட்டில் தினேஸ்வரி சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். உடை மாற்றவில்லை. இரண்டு கட்டை விரல்களாலும் கைப்பேசியில் எழுதிக்கொண்டிருந்தாள். தாய் உள்ளே வந்ததைப் பார்த்தாள், எழுதுவதை நிறுத்தவில்லை.

சரளா அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். திரையில் தெரிந்தது.

'எங்கம்மாவப் பத்திப் பேச உங்களுக்கு என்ன ரைட்ஸ் இருக்கு? நீங்க அங்க இருந்தீங்களா?' அதற்கு மேலும் கீழும் அதே மாதிரி. முகம் தெரியாத ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில். மத்தியானத்திலிருந்து உட்கார்ந்து ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“தினேசு, போதும்மா. விட்டுரு.”

தினேஸ்வரி எழுதிய வரியை அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

“அன்னைக்கு நான் காலேஜ்ல இருந்தேன்” என்றாள். “நீங்க போன் போட்டப்ப மணி ரெண்டு. நான் பஸ் புடிச்சி வந்து சேர்ந்தப்ப அப்பா இல்ல. என்ன நடந்துச்சின்னு ஒங்கள நூறு தடவ கேட்டேன். லெட்டர் வரல, லெட்டர் வரலன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“இன்னைக்கி ஆயிரம் பேரு நடுவுல ஒக்காந்து கேட்டேன். யாரோ மாதிரி.”

சரளா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். வாசலில் கனகராஜ் செருப்பைக் கழற்றாமலே நின்றார். உள்ளே வரவில்லை.

“மொதல்ல ஒங்கிட்டத்தான் சொல்லியிருக்கணும்” என்றாள் சரளா. “பயமா இருந்துச்சி. ஊரு திட்டினா தாங்கிக்கலாம். நீ...”

“ஒண்ணு கேக்குறேன். பொய் சொல்லாதீங்க.”

“கேளு.”

“அந்த நேரத்துல அப்பா முழிச்சிக்கிட்டுத்தானே இருந்தாரு?”

“இருந்தாரு.”

“அவரு என்ன சொன்னாரு?”

மேடையில் அவள் சொல்லாத ஒன்று அதுதான். ராமிடம் பேசிய முக்கால் மணி நேரத்திலும் அது வரவில்லை. அதை அவள் தனக்குத்தானே கூட முழுதாகச் சொல்லிப் பார்த்ததில்லை. 'தெரியல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தப் பிள்ளை நம்பிவிடும். நம்பத்தான் துடிக்கிறது.

“போயிரலாம்னு சொன்னாரு” என்றாள் சரளா.

 “எத்தன தடவ?”

“மூணு.”

“கோவமா சொன்னாரா?”

“இல்லம்மா. அப்பாவுக்கு எப்ப கோவம் வந்திருக்கு? ‘போயிரலாம் சரளா, எந்தக் கட்டிலா இருந்தா என்ன’ன்னாரு. மூணாவது தடவ சொன்னப்ப என் கையப் புடிச்சிருந்தாரு. கொஞ்சம் பொறுங்க, இப்ப வந்துரும்னேன். சரின்னுட்டாரு.”

தினேஸ்வரி அழவில்லை. மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை ஓரமாக நகர்த்தினாள். பிறகு எழுந்து அறைக்குள் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பையோடு வெளியே வந்தாள்.

“மாமா, நான் ஒங்ககூட தாப்பாவுக்கு வாரேன்.”

கனகராஜ் தங்கையைப் பார்த்தார். சரளா தலையசைத்தாள். வேறென்ன செய்ய முடியும்?

“ரெண்டு நாளைக்கா?” என்று கேட்டாள்.

“தெரியல.”

வெளியே சாயந்தர வெயில் சாய்ந்திருந்தது. எதிர்வீட்டு ஆட்கள் சன்னல் ஓரத்தில் நின்றார்கள். அவர்களும் ஏதாவது ஒரு துண்டைப் பார்த்திருப்பார்கள். எந்தத் துண்டு என்று சரளாவுக்குத் தெரியவில்லை. பையை வாங்கிப் பின்னிருக்கையில் வைக்கக் கை நீட்டினாள். தினேஸ்வரி தானே வைத்துக்கொண்டாள்.

காடி கிளம்பியது. தெருவைக் கூடத் தாண்டவில்லை, நின்றது. பின்னாலேயே வந்து கேட்டுக்கு நேராக நின்றது. முன்சன்னல் இறங்கியது.

“திங்கக்கிழம அந்த விசாரணைக்கிப் போவீங்களா?”

“போவேன்.”

“அப்பா சொன்னத அங்கயும் சொல்லுவீங்களா?”

சரளா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ‘எந்தக் கட்டிலா இருந்தா என்ன.’ அது தாளில் ஏறினால், மறுநாள் எந்தப் படத்துக்கு மேல் எந்த வரியாகத் தொங்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். அது ஒன்றுதான் இன்னும் இந்த வீட்டுக்குள் இருக்கிறது.

அவள் பதில் சொல்வதற்குள் தினேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கேட்டப் பூட்டிக்குங்க” என்றாள்.

அம்மா என்று சொல்லவில்லை. சன்னல் ஏறியது. காடி முனையில் திரும்பும் வரை அந்தத் தலை திரும்பவே இல்லை.